கவலைக்கும் குளிசையா? வன்னியில் மனச்சோர்வு மருந்தைத் தொடங்குவோர் அறிந்திருக்கவேண்டியவை

உளநலக் கிளினிக்குக்கு ஓரிரு முறை சென்று பின் செல்லாமல் விட்ட ஒருவரின் வீட்டில், சுவாமிப் படத்தட்டின் ஓரத்திலோ அலுமாரி மூலையிலோ பாதி தீர்ந்த குளிசை உறையொன்று கிடப்பதைக் காணக்கூடும். ஏன் நிறுத்தினீர்கள் என்று வினவினால் பெரும்பாலும் ஒரே வகையான பதிலே வரும். "பத்து நாள் போட்டுப் பார்த்தன். வயித்தைக் குமட்டினது, இருந்த கொஞ்ச நித்திரையும் போச்சு. கவலை மட்டும் இருந்தபடியே இருந்தது."

இப்பதிலில் பொய் எதுவும் இல்லை. மருந்தியல் நூல்கள் கூறுவதும் ஏறத்தாழ இதனையே. மனச்சோர்வுக்கு இன்று வழங்கப்படும் மருந்துகளில் அநேகமானவை தொல்லையை முதலில் தருகின்றன, பயனைப் பின்னரே தருகின்றன. குமட்டலும் தலையிடியும் பதற்றமும் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். மனதின் பாரம் இறங்கத் தொடங்குவதற்கோ இரண்டு வாரங்களாகும், அது தெளிவாகத் தெரிவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். இந்த இடைவெளியை முன்கூட்டியே அறிந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதனைக் கடந்துவிடுகின்றார். அறியாதவரோ, மருந்து தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்மானித்து உறையைத் தட்டில் வைத்துவிடுகின்றார். வன்னியில் மனச்சோர்வுச் சிகிச்சை முறிந்துபோகும் இடம் பல வேளைகளில் இந்த முதற் பதினான்கு நாட்களேயாகும் என்பது நமது கருத்து.

எல்லோரும் மருந்தை உட்கொள்ளவேண்டும் என்று வாதிடுவதற்காக இதனை நாம் எழுதவில்லை. மருந்து வேண்டாதவர்களும் உள்ளனர், மருந்தைத் தவிர வேறு வழியில்லாதவர்களும் உள்ளனர். யார் எவர் என்பதை வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து நிறுத்துப் பார்க்கவேண்டும். தராசின் இரு தட்டுகளிலும் என்ன இருக்கின்றது என்பதை அறியாமல் நிறுக்க முடியாது.

முதலில் நாம் நிற்கும் நிலத்தைப் பார்ப்போம். 2004 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையைக் கடற்கோள் அழித்தது. 2008 இலும் 2009 இலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் கிராமம் கிராமமாகப் பெயர்ந்து முள்ளிவாய்க்காலில் ஒடுங்கினர். எஞ்சியோர் ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர் செட்டிகுளம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம்களில் கடைசியானது 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. இதற்கு நெடுங்காலம் முன்னரே, 1990 ஒக்டோபரில், முல்லைத்தீவு உட்பட வடக்கிலிருந்து ஏறத்தாழ 75 ஆயிரம் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, அவர்களுட் பெரும் பகுதியினர் புத்தளத்தில் இரு தசாப்தங்களுக்கு மேலாக அகதி வாழ்வு வாழ்ந்தனர். ஒரு பகுதியினர் 2009 இன் பின் தண்ணீரூற்றுக்கும் வவுனியாக் கிராமங்களுக்கும் திரும்பினர். பிள்ளைப் பருவத்தில் வெளியேறியவர்கள் தம் பிள்ளைகளுடன் திரும்பிவந்த ஊர் அது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வன்னி மக்களைப் பற்றி எழுதிய ஆய்வில், தனிமனிதரின் காயம் என்பதற்கு அப்பால் ஒரு சமூகம் முழுவதற்கும் ஏற்பட்ட கூட்டு மனவடு என்றே இதனை விவரித்தார். 2009 இன் நடுப்பகுதியில் யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பொன்றில் 22 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டதாக 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரை தெரிவித்தது. புத்தளத்தில் நீண்டகாலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த முஸ்லிம்களிடையே நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வோ ஏறத்தாழ 19 வீதமானோரிடம் பொதுவான உளநோய்களில் ஏதேனுமொன்றைக் கண்டது. அவற்றுள் முதலிடம் பெற்றது, உடலில் நோயொன்றும் அகப்படாத போதும் உடல் நோவாகவே வெளிப்படும் துன்பம் என்பது கவனிக்கத்தக்கது.

நம்மவரிடையே துன்பம் பேசும் மொழி உடலின் மொழிதான். "மனம் சரியில்லை" என்று சொல்லி வருவோர் குறைவு. தலையிடி, நெஞ்சு பாரம், உடம்பு உளைவு, ஏலாமை, அடிக்கடி பெருமூச்சு என்றே வெளிநோயாளர் பிரிவுக்கு வருகின்றனர். பரசிற்றமோலும் விற்றமினும் பெற்றுக்கொண்டு திரும்புகின்றனர். அடுத்த மாதம் மீண்டும் வருகின்றனர். உளநலப் பிரிவுக்கு அனுப்பினால், "எனக்கென்ன விசரா?" என்ற கேள்வி எழுகின்றது. இக்கேள்விக்கு அஞ்சியே எத்தனையோ பேர் அந்தக் கதவு வரை சென்று திரும்பியிருப்பர்.

கவலை எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகின்றது என்ற வினா புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முஸ்லிம் மருத்துவ அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் புலப்படாது உடலிலிருந்து எழும் சோர்வையும் வேறுபடுத்தி, முன்னதற்கு ஆறுதல் மொழியையும் சிந்தனைப் பயிற்சியையும், பின்னதற்கு உடல்சார்ந்த மருத்துவத்தையும் பரிந்துரைத்தார். இன்றைய மருத்துவம் காரணத்தைக் கொண்டு இவ்வாறு பிரிப்பதில்லை. காரணம் தெரிந்த துயரமும் நோயாக முற்றலாம் என்பதே இன்றைய அறிவு. ஆகவே காரணம் என்னவென்பதைக் காட்டிலும் நாளாந்த வாழ்வில் என்ன நேர்ந்துள்ளது என்பதையே வைத்தியர் கேட்கின்றார். இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும், மனம் தாழ்ந்தே கிடக்கின்றதா? முன்பு விருப்பமாயிருந்த எதிலும் விருப்பம் அற்றுப்போய்விட்டதா? விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகின்றதா? சமையல், தோட்டம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகியவை கைகூடாமற் போய்விட்டனவா? தானே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற குற்றவுணர்வு வாட்டுகின்றதா? இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகின்றதா? இவற்றுட் பல ஒன்றுசேர்ந்தால் அது வெறும் கவலையன்று. இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே தோற்றத்தைத் தரக்கூடுமாகையால் அவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

ஆயினும் வன்னியில் இவ்வினா இன்னொரு வடிவத்தையும் கொண்டுள்ளது. அதனைத் தவிர்த்துவிட்டு மருந்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். சில நாட்களில் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது தொடர்ந்தது. மகன் உயிருடன் இருக்கின்றானா இல்லையா என்ற விடை கிடைக்காமலே பெற்றோர் பலர் இறந்துபோயினர். சடலம் இல்லாவிடில் எட்டுச் செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. ஜனாஸாத் தொழுகை நடத்துவதா, மனைவி இத்தா இருப்பதா என்று தெரியாமல் தவித்த முஸ்லிம் குடும்பங்களும் இந்நாட்டில் உண்டு. வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். அழுது முடிக்க இயலாத இழப்பு அது.

இத்தகைய தாயொருவரிடம் குளிசையை நீட்டினால் அவர் கேட்கக்கூடிய கேள்வி, "என்ரை பிள்ளையை மறக்கச் சொல்லுறியளோ?" என்பதாகும். நீதி கேட்பவரை நோயாளியாக்கிவிடுகின்றார்களோ என்ற ஐயம் அதில் உள்ளது. அவ்வையம் நியாயமற்றது என்று நாம் கூறமாட்டோம். ஓர் அரசு அளிக்கவேண்டிய பதிலை மருந்துறைக்குள் இட்டு அளிக்க முடியாது. ஆனால் மனச்சோர்வு மருந்து ஞாபகத்தை அழிப்பதில்லை என்பதை இங்கு தெளிவாகச் சொல்லவேண்டியிருக்கின்றது. பிள்ளையின் முகமும் குரலும் போன இடமும் அப்படியே இருக்கும். நித்திரையும் பசியும் எழுந்து நடக்கும் பலமும் திரும்பினால், தேடுவதற்கான பலமும் திரும்பலாம். போராட்டப் பந்தலுக்குச் செல்வதும் மருந்தை உட்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இதே தாய்க்கு இன்னுமோர் உண்மையையும் மறைக்கக்கூடாது. இம்மருந்துகளை உட்கொள்வோருட் சிலருக்கு உணர்ச்சிகள் மழுங்கிப்போனது போன்ற நிலை ஏற்படுவதுண்டு. துக்கம் குறைவது போலவே மகிழ்ச்சியும் குறையும், அழ நினைத்தாலும் அழுகை வராது. கண்ணீரையே பிள்ளைக்குச் செய்யும் கடனாகக் கருதும் ஒருவருக்கு இது குமட்டலைவிடப் பாரதூரமான பக்கவிளைவாகும். பெரும்பாலும் அளவைக் குறைப்பதாலோ வேறு மருந்துக்கு மாற்றுவதாலோ இது சரிசெய்யக்கூடியது. ஆனால் வைத்தியர் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. நிறைந்து வழியும் கிளினிக்கில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும்போது, "அழ ஏலாமல் இருக்குது ஐயா" என்பதைச் சொல்ல வாய் வருமா?

அடுத்து, மருந்து இன்றியே தேறக்கூடியவர் யார் என்பதைப் பார்க்கலாம். இலேசான மனச்சோர்வுக்கு முதற் சிகிச்சையாக மருந்தை வழங்கவேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உளவளத்துணை, பிரச்சினைகளைக் கூறுபோட்டு ஒவ்வொன்றாகத் தீர்க்கக் கற்பித்தல், கைவிட்ட நாளாந்த வேலைகளைச் சிறிது சிறிதாக மீளத் தொடங்குதல், உடற்பயிற்சி ஆகியவை இந்நிலையில் நல்ல பலன் தரும். நடுத்தர நிலையில் முறையான உளச்சிகிச்சை அல்லது மருந்து, அல்லது இரண்டும். கடும் நிலையில், அதாவது உணவை மறுத்தல், படுக்கையை விட்டு எழாமை, உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவை இருக்கும்போது, மருந்தைப் பின்போடுவது ஆபத்தானது. மிகக் கடுமையான சிலருக்கு மின்வலிப்புச் சிகிச்சையே விரைவில் உயிர்காக்கும். திரைப்படங்களில் காட்டப்படும் கொடுமைக்கும், மயக்க மருந்து கொடுத்து இன்று செய்யப்படும் அச்சிகிச்சைக்கும் சம்பந்தமில்லை.

தாளில் இவ்வாறு எழுதுவது எளிது. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வாழும் ஒருவருக்கு வாராவாரம் முறையான உளச்சிகிச்சை கிடைக்குமா என்பதே கேள்வி. உளவளத்துணையாளர்களும் உளசமூகப் பணியாளர்களும் நம்மிடையே பெரும்பணி ஆற்றியுள்ளனர். ஆனால் உதவித் திட்டம் முடிய அவர்களுட் பலரது பணியும் முடிந்துவிட்டது. மாற்று வழி இருக்கின்றது என்று சொல்லிவிட்டு அதனைக் கைக்கெட்டாத தூரத்தில் வைத்திருப்பதால், மருந்து வேண்டியிராத ஒருவரும் மருந்தையே பெறுகின்றார். வைத்தியரைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அவரிடம் இருப்பது அதுதான்.

ஆயினும் கையில் இருப்பவற்றை நாம் குறைத்து மதிப்பிடவும் கூடாது. கணவரை இழந்த பெண்கள் கூடிப் பேசும் குழுக்கள், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு ஊரே திரளும் அந்த நாட்கள், பள்ளிவாசல் ஜமாஅத்தினரின் விசாரிப்பு, தேவாலயப் பிரார்த்தனைக் கூட்டம் ஆகியன தனிமையை உடைக்கின்றன. தனிமை மனச்சோர்வுக்கு உரமிடுவது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. போரின் இறுதிக் காலத்தில் வவுனியாவில் பணியாற்றிய உளமருத்துவ நிபுணர் எஸ். சிவதாஸ் எழுதிய 'நலமுடன்' போன்ற தமிழ் நூல்களும் இவ்வகையில் பயனுடையன. ஆனால் கசிப்பை மாற்றுவழியாகக் கொள்வோருக்கு ஒன்று கூறவேண்டும். மது முதல் ஒரு மணிநேரத்துக்கு ஆறுதல் தந்து அடுத்த நாள் மனச்சோர்வை ஆழமாக்கும். மருந்தின் பயனையும் அது கெடுக்கும்.

மருந்து எவ்வாறு வேலை செய்கின்றது? 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்கு வழங்கப்பட்ட மருந்தொன்று நோயாளரின் மனநிலையையும் உயர்த்துவதை அமெரிக்க வைத்தியர்கள் தற்செயலாகக் கண்டனர். அதே தசாப்தத்தில் சுவிற்சர்லாந்தில் ரோலண்ட் குன் இமிப்ரமீனின் பயனைக் கண்டறிந்தார். 1987 இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளுஒக்சிற்றீன் இன்று இலங்கையின் அரச வைத்தியசாலைகளிலும் வழங்கப்படுகின்றது. மூளையில் செரற்றோனின் குறைந்துபோவதே நோய்க்குக் காரணம், மருந்து அதனை நிரப்புகின்றது என்று நெடுங்காலம் விளக்கப்பட்டது. அவ்விளக்கத்துக்கு உறுதியான சான்று இல்லை என்று 2022 இல் வெளியான விரிவான மீளாய்வொன்று காட்டியது. இதைக் கேட்டு மருந்தே பொய் என்று முடிவுகட்டியோர் உண்டு. பரசிற்றமோல் குறைந்ததாலா தலையிடி வருகின்றது? எனினும் பரசிற்றமோல் தலையிடியைப் போக்குகின்றதல்லவா? மருந்து பயன்படுகின்றதா என்பது பரிசோதனையால் அறியப்படுவது. 2018 இல் லான்செற் சஞ்சிகையில் வெளியான ஆய்வு, 522 பரிசோதனைகளைத் தொகுத்து, 21 மருந்துகளும் வெற்றுக் குளிசையைவிடப் பயனுடையவை என்று கண்டது. அப்பயன் அளவானதே. வெற்றுக் குளிசை உட்கொண்டோருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தேற, மருந்து உட்கொண்டோருள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தேறுகின்றனர் எனலாம். நோய் கடுமையாக ஆக, இந்த வித்தியாசம் பெறுமதி மிக்கதாகின்றது. முதல் மருந்து பலனளிக்காவிடில் இரண்டாவது பலனளிக்கலாம் என்பதையும் இந்தக் கணக்குடன் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இனிப் பக்கவிளைவுகள். புளுஒக்சிற்றீன், சேர்ட்ரலீன் போன்றவை முதலில் தருவன குமட்டல், வயிற்றோட்டம், தலையிடி, வியர்வை, உள்ளே ஒருவித பதகளிப்பு, நித்திரைக் குழப்பம் ஆகியன. இவற்றுட் பல ஓரிரு வாரங்களில் தாமாகவே தணியும். சாப்பாட்டுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும். நித்திரை குழம்புவோர் காலையில் உட்கொள்ளலாம். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துமாறு வைத்தியரைக் கேட்கலாம். அமிற்றிப்டிலீன், இமிப்ரமீன் முதலிய பழைய மருந்துகளோ வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல், எழும்போது தலைசுற்று, தூக்கக் கலக்கம் ஆகியவற்றைத் தரும். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் தடைப்படலாம். இம்மருந்துகள் அளவுக்கு மீறினால் இதயத்தைத் தாக்குவன. ஆதலால் உயிரை மாய்க்கும் எண்ணமுள்ளவர் வீட்டில் ஒரு மாதக் குளிசையை மொத்தமாக வைத்திருக்காமல், நம்பிக்கையான உறவினரிடம் ஒப்படைப்பது அவசியம்.

தணியாமல் நீடிக்கும் ஒரு பக்கவிளைவைப் பற்றி நம்மிடையே எவரும் வாய்திறப்பதில்லை. தாம்பத்திய நாட்டம் குறைதலும் உறவில் ஏற்படும் தடையும் புளுஒக்சிற்றீன் வகை மருந்துகளில் சாதாரணமாக வருவன. வெட்கத்தினால் காரணத்தைச் சொல்லாமல் மருந்தை நிறுத்தும் ஆண்களும், கணவரின் சந்தேகத்துக்கு ஆளாகும் பெண்களும் இருக்கக்கூடும். பெண் வைத்தியரிடமோ தாதியிடமோ சொல்ல முடியுமாயின் அவரிடம் சொல்லலாம். அளவை மாற்றவும் மருந்தை மாற்றவும் வழியுண்டு.

வன்னிக்கே உரிய சில அவதானங்களையும் இங்கு குறிப்பிடவேண்டும். உடலில் ஷெல் துண்டுகளுடன் வாழ்வோர் நம்மிடையே ஏராளம். நோவுக்காக டைக்ளோபினாக் போன்ற குளிசைகளைக் கடையில் வாங்கி உட்கொள்வது அவர்களின் வழக்கம். புளுஒக்சிற்றீன் வகையுடன் அவை சேரும்போது இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து அதிகரிக்கும். கடும் நோவுக்கு வழங்கப்படும் ட்ரமடோல் சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் எனப் பாரதூரமான நிலையும் உருவாகலாம். எனவே உளநலக் கிளினிக்குக்குச் செல்லும்போது ஏனைய குளிசைகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையிலிட்டு எடுத்துச்செல்வது புத்திசாலித்தனம். உழவு இயந்திரம் ஓட்டுவோரும் கண்ணிவெடி அகற்றும் பணியிலுள்ள பெண்களும் தமது தொழிலை வைத்தியரிடம் கட்டாயம் கூறவேண்டும். தூக்கக் கலக்கமோ கை நடுக்கமோ அவர்களுக்குச் சிறு விடயமல்ல. முதியோருக்கு இம்மருந்துகளால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தடுமாற்றம் ஏற்படுவதுண்டு. வயது போனதால் வந்த குழப்பம் என்று அதனை விட்டுவிடக்கூடாது.

இருபத்தைந்து வயதுக்குட்பட்டோர் விடயத்தில் தனிக் கவனம் வேண்டும். இவ்வயதினருட் சிலருக்கு மருந்தின் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகரிக்கக்கூடும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2004 இல் சிறுவர்களுக்காக வெளியிட்ட கடும் எச்சரிக்கையை 2007 இல் 24 வயது வரை விரிவாக்கியது. மருந்து கொடுக்கவே கூடாது என்பது அதன் பொருளன்று. முதல் வாரங்களில் வீட்டார் கண்வைத்திருக்கவேண்டும், பதற்றம் திடீரெனக் கூடினால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அழைத்துச் செல்லவேண்டும் என்பதே பொருள். முன்னொருபோது அளவுகடந்த உற்சாகமும் நித்திரையின்மையும் சேர்ந்து வந்த காலம் இருந்திருந்தால் அதனையும் வைத்தியரிடம் மறைக்கலாகாது. அத்தகையோருக்கு இம்மருந்தைத் தனியாகக் கொடுத்தால் நிலைமை மறுபக்கம் புரண்டுவிடலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தாமாக நிறுத்தாமல் கேட்டு நடக்கவேண்டும். அவர்களுக்கும் பொருத்தமான மருந்துகள் உண்டு.

முஸ்லிம் வாசகர்களிடமிருந்து எழக்கூடிய இரு வினாக்கள் உள்ளன. ரமழான் நோன்பின்போது மருந்தை நிறுத்துவதா? நாளுக்கு ஒருமுறை உட்கொள்ளும் இம்மருந்துகளை நோன்பு திறந்த பின்னரோ ஸஹரிலோ உட்கொள்ளலாமாகையால், நிறுத்தவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. நோன்புக்கு முன்னரே வைத்தியருடன் பேசி நேரத்தை மாற்றிக்கொள்வது நலம். மற்றையது, ஜெலற்றின் உறையினால் செய்யப்பட்ட குளிசை பற்றிய தயக்கம். புளுஒக்சிற்றீன் பெரும்பாலும் அவ்வாறான உறையிலேயே வருகின்றது. சேர்ட்ரலீன் போன்றவை உறையற்ற வில்லைகளாகவும் கிடைக்கின்றன. கேட்டால் மாற்றித்தர வாய்ப்புண்டு. கேளாமல் நிறுத்துவதே தீங்கு. கந்தசஷ்டி போன்ற விரதம் இருக்கும் இந்துக்களுக்கும் இதே முறை பொருந்தும்.

இம்மருந்துகளுக்கு அடிமையாகிவிடுவோம் என்ற அச்சமும் பரவலானது. டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகளையும் இவற்றையும் ஒன்றெனக் கருதுவதால் வந்த அச்சம் இது. நித்திரைக் குளிசை உடனே பலன் தந்து, நாளடைவில் அதிக அளவைக் கேட்டு, விடமுடியாத பழக்கமாகலாம். மனச்சோர்வு மருந்து அவ்வாறு ஏக்கத்தை ஏற்படுத்துவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்று, எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, கெட்ட கனவு ஆகியன வரும். சிலருக்கு அது வாரக்கணக்கில் நீடிக்கும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது இந்த ஆபத்தை நாடே எதிர்கொண்டது. சுகம் கண்ட பின்னரும் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் வரை தொடர்ந்து, பின்னர் வைத்தியரின் மேற்பார்வையில் மெல்ல மெல்லக் குறைத்தே நிறுத்தவேண்டும். சுகம் வந்தவுடன் விட்டவருக்கு நோய் திரும்புவது வழமை.

அவ்வளவு காலம் கிளினிக்குக்குச் செல்வது என்றால் என்ன என்பதைக் கொழும்பிலிருந்து எழுதுவோர் உணர்வது கடினம். விடியமுன் எழுந்து, பேருந்து மாறி, கிளிநொச்சிக்கோ மாஞ்சோலைக்கோ வவுனியாவுக்கோ சென்று, இலக்கம் எடுத்துக் காத்திருந்து, பின்னேரம் வீடு திரும்பும்போது அன்றைய கூலி போய்விடும். நுண்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் ஒரு நாட் கூலி என்பது பக்கவிளைவுகளின் பட்டியலில் சேர்க்கவேண்டிய ஒன்றுதான். ஆகையால் கிளினிக் தூரம், செலவு, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமை ஆகியவற்றையும் முதல் நாளே வைத்தியரிடம் சொல்வதில் தவறில்லை. நிலைமை சீரானவர்களுக்குக் கூடுதல் நாட்களுக்கு மருந்து தரவோ, அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக் கிளினிக்குக்கு மாற்றவோ முடியுமா என்று கேட்கலாம்.

சுகாதார அதிகாரிகளிடம் நாம் கேட்பது பெரிய செலவுள்ள ஒன்றல்ல. மருந்தைத் தொடங்குபவரின் கையில் உறையைக் கொடுக்கும்போது, முதல் இரண்டு வாரங்களில் என்ன வரும், எது தானாகப் போகும், எது வந்தால் உடனே வரவேண்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு துண்டுத்தாளையும் கொடுக்கலாம். வாசிக்க இயலாதவருக்குத் தாதியொருவர் இரண்டு நிமிடம் சொல்லலாம். எட்டாம் அல்லது பத்தாம் நாளில், அதாவது குளிசை உறை தட்டுக்குப் போகும் அந்த நாட்களில், கிளினிக்கிலிருந்து ஒருவர் கைத்தொலைபேசியில் அழைத்து விசாரிக்கலாம். உளசமூகப் பணியாளர் உள்ள பிரதேசங்களில் அவரே வீட்டுக்குச் சென்று பார்க்கலாம். இடைப்பட்ட வேளையில் உயிரை மாய்க்கும் எண்ணம் மேலிட்டால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம் என்பதையும் அத்துண்டுத்தாளில் சேர்த்து அச்சிடவேண்டும்.

தட்டில் பழைய உறை கிடக்கும் வீட்டாருக்கும் ஒன்று. அதில் எஞ்சியுள்ள குளிசைகளை மீளப் போடத் தொடங்கவேண்டாம். உறையையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு சென்று, எத்தனை நாட்கள் உட்கொண்டீர்கள், என்ன செய்தது, எதனால் நிறுத்தினீர்கள் என்பதை உள்ளபடி கூறுங்கள். அடுத்து எந்த மருந்து, எந்த அளவு, அல்லது மருந்தே வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு வைத்தியருக்குத் தேவையான தகவல் அதுவே.